‘ஹெச்டிடிபிஎஸ் தேவை’ என்று மறிக்கும் லாகின் சர்வர்: குறுக்குவழி ஏன் கூடாது?

வெள்ளிக்கிழமை மாலை. இரண்டு வாரமாக லேப்டாப்பில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்த லாகின் சர்வரை, கிளவுடில் எடுத்த புது மெஷினுக்கு மாற்றியாகிவிட்டது. அதே டாக்கர் இமேஜ், அதே கட்டளை. போனை எடுத்து முகவரியைத் தட்டினால் லாகின் பக்கம் வரவில்லை. ‘மன்னிக்கவும், ஹெச்டிடிபிஎஸ் தேவை’ என்ற ஒற்றை வரி மட்டும் நிற்கிறது.

‘லோக்கல்ல நல்லாத்தானே ஓடுச்சு, இங்க மட்டும் ஏன் அடம் பிடிக்குது?’ என்று இணையத்தில் தேடினால் சட்டென்று ஒரு பதில் கிடைக்கும்: ‘எஸ்எஸ்எல் செட்டிங்கை ‘நன்’னு மாத்திடுங்க, ஓடும்.’ மாற்றினால் உண்மையிலேயே ஓடும். சிக்கலே அதுதான். ஓடிவிட்டதால் யாரும் மறுபடி அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘திங்கட்கிழமை சரி பண்ணிக்கலாம்’ என்று விட்ட செட்டிங், பல மாதங்கள் அப்படியே கிடக்கும்.

கன்டெய்னரில் ஓடும் லாகின் சர்வருக்கு ஹெச்டிடிபிஎஸ் ஏன் இவ்வளவு முக்கியம், அதைச் சரியாகப் போடுவது எப்படி, எங்கெல்லாம் கால் தடுக்கும்? பார்ப்போம்.

லாகின் சர்வர் என்பது என்ன?

முன்பெல்லாம் ஒவ்வொரு ஆப்பும் தன் பயனர்களின் பெயர், பாஸ்வேர்டைத் தானே வைத்துக்கொள்ளும். விடுப்பு கேட்க ஒரு பாஸ்வேர்டு, சம்பளச் சீட்டு பார்க்க இன்னொன்று. இப்போது பல நிறுவனங்கள் இந்த வேலையை ஒரே இடத்தில் குவித்துவிட்டன. பயனர் அந்த ஓரிடத்தில் லாகின் செய்வார். அது ஒரு ‘டோக்கன்’ தரும். மற்ற எல்லா ஆப்களும் அந்த டோக்கனைப் பார்த்துக் கதவைத் திறக்கும். இதுதான் சிங்கிள் சைன்-ஆன். அந்த ஓரிடம்தான் அடையாள சர்வர்.

இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களில் ஒன்று கீக்ளோக். ரெட் ஹேட் நிறுவனத்தில் பிறந்து 2014-ல் முதல் பதிப்பு கண்டது. 2023-ல் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனின் திட்டங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. டாக்கர் கன்டெய்னராக ஒரே கட்டளையில் கிளப்பிவிடலாம் என்பதால் சின்ன ஸ்டார்ட்அப் முதல் பெரிய நிறுவனம் வரை பயன்படுத்துகிறார்கள். இந்தக் கட்டுரையும் அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறது.

பூட்டு இல்லாவிட்டால் என்ன போகும்?

சாதாரண இணையதளத்தில் ஹெச்டிடிபிஎஸ் இல்லை என்றால், நீங்கள் படிக்கும் பக்கத்தை வழியில் இருப்பவர் பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம். லாகின் சர்வரில் இல்லை என்றால், போவது பாஸ்வேர்டு. அதுவும் ஒரே ஓர் ஆப்பின் பாஸ்வேர்டு அல்ல. எல்லா ஆப்பையும் திறக்கும் பாஸ்வேர்டு.

‘எங்க லாகின் பக்கத்துல மட்டும் ஹெச்டிடிபிஎஸ் இருக்கு, போதாதா?’ என்று கேட்பவர்களுக்கு 2010-ல் நடந்தது ஒரு பாடம். அந்த ஆண்டு அக்டோபரில் எரிக் பட்லர் என்ற நிரலர் ‘ஃபயர்ஷீப்’ என்ற ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷனை வெளியிட்டார். கடைகளில் உள்ள பொது வைஃபையில் உட்கார்ந்துகொண்டு, அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களின் ஃபேஸ்புக், ட்விட்டர் கணக்குகளுக்குள் ஒரே கிளிக்கில் நுழைய அது வழி காட்டியது. பாஸ்வேர்டை அது திருடவில்லை. அன்றைய தளங்கள் பல, பாஸ்வேர்டு வாங்கும் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு, அதற்குப் பிறகு போகும் குக்கீயைத் திறந்தபடியே அனுப்பின. ஃபயர்ஷீப் பிடித்தது அந்தக் குக்கீயைத்தான்.

இன்றைய டோக்கனும் அப்படிப்பட்டதே. அதற்கு ‘பேரர் டோக்கன்’ என்று பெயர். வங்கியில் பேரர் செக் போல, யார் கையில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். முகம் பார்த்துக் கேட்க மாட்டார்கள். அதனால்தான் இந்த முறைக்கு அடிப்படையான ஓஆத் 2.0 விதிமுறை, 2012-ல் வெளியானபோதே, பாஸ்வேர்டும் டோக்கனும் பயணிக்கும் பாதையில் டிஎல்எஸ் கட்டாயம் என்றது. டிஎல்எஸ் என்பதுதான் ஹெச்டிடிபிஎஸ்ஸின் ‘எஸ்’.

இந்தியாவில் இதற்குச் சட்டப் பக்கமும் உண்டு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, தரவைக் காக்க நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

லேப்டாப்பில் ஓடியது வெளியே ஏன் ஓடவில்லை?

இரண்டு காரணங்கள்.

முதலாவது, கீக்ளோக்கின் ‘ரிக்வயர் எஸ்எஸ்எல்’ என்ற செட்டிங். அதற்கு மூன்று நிலைகள் உண்டு: யாருக்கும் வேண்டாம், வெளியிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் வேண்டும், எல்லோருக்கும் வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் இருப்பது இரண்டாவது நிலை. லோக்கல்ஹோஸ்ட், 10, 192.168 போன்ற எண்களில் தொடங்கும் பிரைவேட் முகவரிகளிலிருந்து வந்தால் ‘வீட்டு ஆள்’ என்று விட்டுவிடும். பொது இணையத்திலிருந்து வந்தால் மறிக்கும். லேப்டாப்பில் நீங்கள் வீட்டு ஆள், கிளவுடில் வெளியாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது, கிளப்பும் கட்டளை. ‘ஸ்டார்ட்-டெவ்’ என்று கிளப்பினால் பரிசோதனை நிலை. ஹெச்டிடிபியில், 8080 போர்ட்டில் ஓடும். ‘ஸ்டார்ட்’ என்று கிளப்பினால் நிஜ நிலை. அப்போது சான்றிதழ் எங்கே, முகவரி என்ன என்று கேட்கும். சொல்லாவிட்டால் எழுந்திருக்கவே மறுத்துவிடும். ‘பெருசா மிரட்டுதே’ என்று பயந்து, நிஜ சர்வரையும் ‘ஸ்டார்ட்-டெவ்’விலேயே ஓட்டுபவர்கள் உண்டு. அது வீட்டுக்குக் கதவு மாட்டாமல் கிரகப்பிரவேசம் செய்த கதை.

பிரவுசர்களும் இதில் கண்டிப்பாகிவிட்டன. கூகுள் குரோம் 2018 ஜூலை முதல் எல்லா ஹெச்டிடிபி தளங்களுக்கும் ‘பாதுகாப்பற்றது’ என்ற முத்திரை குத்துகிறது. லாகின் பக்கங்கள் பயன்படுத்தும் சில கிரிப்டோ வசதிகளை, ஹெச்டிடிபிஎஸ் அல்லது லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டுமே பிரவுசர் தரும். ஆகவே செட்டிங்கை ‘நன்’ என்று மாற்றினாலும், அட்மின் பக்கம் பாதியில் வெள்ளையாக நிற்கலாம்.

சான்றிதழ், சாவி: எது எதற்கு?

ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு இரண்டு கோப்புகள் வேண்டும். ஒன்று சான்றிதழ், ‘இந்த டொமைன் பெயருக்கு உரிய பொதுச் சாவி இதுதான்’ என்று நம்பகமான ஓர் அமைப்பு கையெழுத்துப் போட்டுத் தந்த சீட்டு. இது ஊருக்கே காட்டுவதற்கு. இன்னொன்று பிரைவேட் கீ. அதற்கு ஜோடியான ரகசியச் சாவி. இது யாருக்கும் காட்டக் கூடாதது.

‘சான்றிதழை நாமே உருவாக்கிக்கலாமே?’ என்ற கேள்வி வரும். உருவாக்கலாம், தகவலும் மறைக்கப்பட்டே போகும். ஆனால் எதிரில் இருப்பது உண்மையில் உங்கள் சர்வர்தானா என்பதற்கு வெளியாள் யாரும் சாட்சி இல்லை. பிரவுசர் எச்சரிக்கும். பயனர்கள் ‘பரவாயில்ல, உள்ள போ’ என்று தட்டிப் பழகிவிடுவார்கள். நாளை நடுவில் ஒருவர் போலி சர்வரை வைத்தாலும் அதே எச்சரிக்கைதான் வரும். அதே பழக்கத்தில் தட்டுவார்கள். மொபைல் ஆப்களும் மற்ற கன்டெய்னர்களும் இந்தச் சான்றிதழை நம்பாமல் இணைப்பையே துண்டித்துவிடும்.

பொது இணையத்தில் இருக்கும் சர்வருக்கு இதற்கெல்லாம் அவசியமே இல்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகவே சான்றிதழ் தருகிறது. டொமைன் உங்களுடையது என்று நிரூபித்தால் போதும். வெளியிலிருந்து எட்ட முடியாத அலுவலக சர்வர் என்றால், டிஎன்எஸ் பதிவின் மூலம் நிரூபிக்கும் வழியும் இருக்கிறது.

வழி 1: கன்டெய்னரிலேயே பூட்டு

முதல் வழி, கீக்ளோக்கிடமே இரண்டு கோப்புகளையும் கொடுத்துவிடுவது. சான்றிதழ் இருக்கும் இடத்தை ‘கேசி_ஹெச்டிடிபிஎஸ்_சர்டிஃபிகேட்_ஃபைல்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிளிலும், சாவி இருக்கும் இடத்தை அதற்கு ஜோடியான இன்னொரு வேரியபிளிலும் சொல்ல வேண்டும். ‘கேசி_ஹோஸ்ட்நேம்’ என்பதில் டொமைன் பெயர். பிறகு 8443 போர்ட்டைத் திறந்து ‘ஸ்டார்ட்’ என்று கிளப்பினால் முடிந்தது. சொல்லும்போது மூன்று வரி. செய்யும்போது தடுக்குகிற இடங்கள் நான்கு.

ஒன்று, அனுமதி. சாவிக் கோப்பை ரூட் பயனர் மட்டுமே படிக்கும்படி வைத்திருப்பார்கள்; அது சரியான பழக்கம்தான். ஆனால் கன்டெய்னருக்குள் கீக்ளோக் ரூட்டாக ஓடுவதில்லை. 1000 என்ற எண்ணுள்ள சாதாரணப் பயனராக ஓடுகிறது. ‘கோப்பு கண்ணு முன்னாடி இருக்கு, படிக்க முடியலைங்குதே’ என்ற புலம்பலுக்கு இதுதான் காரணம். எல்லோரும் படிக்கட்டும் என்று கோப்பைத் திறந்துவிடுவது தீர்வல்ல. ஒரு நகல் எடுத்து, அந்த 1000 எண் பயனருக்கு மட்டும் உரிமை தருவதே தீர்வு.

இரண்டு, குறுக்குச் சுட்டி. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழை வாங்கித் தரும் செர்ட்பாட் கருவி, ‘லைவ்’ என்ற ஃபோல்டரில் உண்மைக் கோப்பை வைப்பதில்லை. பக்கத்து ‘ஆர்கைவ்’ ஃபோல்டரைக் காட்டும் சுட்டியை மட்டுமே வைக்கும். ‘லைவ்’ ஃபோல்டரை மட்டும் கன்டெய்னருக்குள் மவுண்ட் செய்தால், உள்ளே போவது விலாசம் மட்டும். வீடு வெளியிலேயே நிற்கும்.

மூன்று, பாதிச் சங்கிலி. செர்ட்பாட் தரும் கோப்புகளில் ‘செர்ட்’ என்பதில் உங்கள் சான்றிதழ் மட்டும் இருக்கும். ‘ஃபுல்செயின்’ என்பதில் இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்திருக்கும். முதலாவதைக் கொடுத்தால், விடுபட்டதைத் தானே தேடி நிரப்பிக்கொள்ளும் கம்ப்யூட்டர் பிரவுசரில் எல்லாம் சரியாகத் தெரியும். பல மொபைல் ஆப்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, இணைப்பை மறுத்துவிடும். ‘எனக்கு ஓடுதே’ என்று டெவலப்பரும், ‘எனக்கு ஓடலையே’ என்று பயனரும் மல்லுக்கட்டுவது பல நேரம் இதனால்தான்.

நான்கு, ஆபத்தானது: சாவியை டாக்கர் இமேஜுக்குள்ளேயே வைத்துக் கட்டிவிடுவது. வசதிதான். ஆனால் இமேஜ் என்பது அடுக்கடுக்காகச் சேமிக்கப்படுவது. அடுத்த அடுக்கில் கோப்பை அழித்தாலும் முந்தைய அடுக்கில் அது அப்படியே இருக்கும். இமேஜை இறக்கிக்கொள்ளும் யாரும் தோண்டி எடுத்துவிடலாம். சாவி எப்போதும் வெளியில் இருந்து, ஓடும் நேரத்தில் மட்டும் உள்ளே போக வேண்டும்.

வழி 2: வாசலில் ஒரு காவலாளி

நடைமுறையில் பலர் தேர்ந்தெடுப்பது இந்த வழி. இன்ஜின்எக்ஸ், டிராஃபிக், கேடி போன்ற ரிவர்ஸ் ப்ராக்ஸி ஒன்று வாசலில் நிற்கும். ஹெச்டிடிபிஎஸ், சான்றிதழ் எல்லாம் அதன் பொறுப்பு. உள்ளே இருக்கும் கீக்ளோக்குக்கு அது சாதாரண ஹெச்டிடிபியில் பேசும். கேடி, டிராஃபிக் இரண்டும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழைத் தாங்களே வாங்கிப் புதுப்பித்தும்விடும்.

இங்கே வரும் குழப்பம் வேறு மாதிரி. பயனர் வந்தது பூட்டிய வழியில். ஆனால் கீக்ளோக்கின் கண்ணுக்குத் தெரிவது பூட்டில்லாத வழி. ‘என் முகவரி ஹெச்டிடிபி’ என்றே அது நினைத்துக்கொள்ளும். டோக்கனிலும் அப்படியே எழுதிவிடும். டோக்கனை வாங்கும் ஆப் ஹெச்டிடிபிஎஸ் முகவரியை எதிர்பார்க்கும். ஓர் எழுத்து வித்தியாசம், டோக்கன் செல்லாது. லாகின் ஆன மாதிரி இருந்து மறுபடி லாகின் பக்கத்துக்கே திரும்பும் சுழற்சி பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு முரண்பாடு இருக்கும்.

தீர்வு இரண்டு பகுதி. ‘கேசி_ஹோஸ்ட்நேம்’ செட்டிங்கில் ஹெச்டிடிபிஎஸ் சேர்த்து முழு முகவரியையும் எழுதிவிடுவது. பிறகு, வெளியே பயனர் எந்த வழியில் வந்தார் என்று ப்ராக்ஸி அனுப்பும் ‘எக்ஸ்-ஃபார்வர்டட்’ குறிப்புகளை நம்பும்படி, ‘கேசி_ப்ராக்ஸி_ஹெடர்ஸ்’ செட்டிங்கில் கீக்ளோக்குக்குச் சொல்வது. பழைய வழிகாட்டிகளில் இதற்கு ‘ப்ராக்ஸி எட்ஜ்’ என்று ஒரு செட்டிங் இருக்கும். 2024-ல் வந்த 24-ம் பதிப்பிலேயே அது காலாவதியாகிவிட்டது. பார்த்து எழுதும்போது பதிப்பு எண்ணையும் பார்க்க வேண்டும்.

‘நம்பு’ என்று சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. அந்தக் குறிப்பை யார் வேண்டுமானாலும் போலியாக எழுதி அனுப்ப முடியும். வெளியிலிருந்து வரும் குறிப்பை அழித்துவிட்டுத் தன் குறிப்பை எழுதும்படி ப்ராக்ஸியை அமைக்க வேண்டும். அதோடு, கீக்ளோக்கை ப்ராக்ஸி வழியாக மட்டுமே எட்ட முடிய வேண்டும்.

இந்தக் கடைசி வரியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டாக்கரில் போர்ட்டை 8080:8080 என்று திறந்தால், அது மெஷினின் எல்லா முகவரிகளிலும் திறந்துகொள்ளும். உபுண்டுவில் பலர் பயன்படுத்தும் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் தடுத்து வைத்திருந்தாலும், டாக்கர் தன் விதிகளை அதைத் தாண்டி எழுதிவிடும். முன்வாசலில் பளபளவென்று பூட்டு தொங்கும். கொல்லைப்புறம் திறந்து கிடக்கும். ப்ராக்ஸியும் அதே டாக்கர் நெட்வொர்க்கில் இருந்தால் அந்தப் போர்ட்டை வெளியே திறக்கவே வேண்டாம். திறந்தே ஆக வேண்டும் என்றால் 127.0.0.1 என்ற முகவரியோடு சேர்த்துத் திறக்கலாம். நலம் விசாரிக்கும் 9000 போர்ட்டுக்கும் இதே விதி.

எந்த வழி யாருக்கு?

ஒரே மெஷினில் நாலைந்து ஆப்கள் ஓடினால் ப்ராக்ஸி வழி எளிது; சான்றிதழ் நிர்வாகம் ஒரே இடத்தில் முடியும். ப்ராக்ஸி ஒரு மெஷினிலும் கீக்ளோக் வேறொரு மெஷினிலும் இருந்தால், நடுவில் இருக்கும் கம்பியிலும் பாஸ்வேர்டு போகிறது என்பதை மறக்கக் கூடாது. அப்போது இரண்டு வழிகளையும் சேர்த்து, உள்ளேயும் ஹெச்டிடிபிஎஸ் போடுவதுதான் முறை.

பூட்டுக்கும் காலாவதி உண்டு

2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் சேவை உலகின் பல இடங்களில் சில மணி நேரம் முடங்கியது. தாக்குதல் எதுவும் இல்லை. அங்கீகாரத்துக்கான ஒரு சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று அந்நிறுவனமே சொன்னது. அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே நடந்தது, யாருக்கும் நடக்கலாம். அதிலும் லாகின் சர்வரின் சான்றிதழ் காலாவதியானால், அதை நம்பியிருக்கும் எல்லா ஆப்களும் ஒரே நொடியில் வாசலில் நிற்கும்.

இனி இது அடிக்கடி தலைகாட்டும் வேலை. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழின் வழக்கமான ஆயுள் 90 நாள்தான். காலாவதி நெருங்கும்போது வந்துகொண்டிருந்த நினைவூட்டல் மெயிலையும் அந்த அமைப்பு 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. மற்ற நிறுவனங்கள் தரும் பொதுச் சான்றிதழ்களின் ஆயுளும் சுருங்குகிறது. பிரவுசர் நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவுப்படி, 398 நாளாக இருந்த உச்ச வரம்பு 2026 மார்ச்சில் 200 நாள், 2027 மார்ச்சில் 100 நாள், 2029 மார்ச்சில் 47 நாள் என்று இறங்குகிறது. காலண்டரில் குறித்து வைத்துக் கையால் மாற்றும் காலம் முடிகிறது. புதுப்பித்தல் தானாக நடந்தே ஆக வேண்டும்.

கன்டெய்னரில் இதற்கும் ஒரு வலை உண்டு. கீக்ளோக்கின் புதிய பதிப்புகள் மணிக்கு ஒரு முறை சான்றிதழ் கோப்பைத் தாமே மறுபடி படித்துக்கொள்ளும். ஆனால் ஒற்றைக் கோப்பை மட்டும் மவுண்ட் செய்திருந்து, வெளியே பழைய கோப்பை எடுத்துவிட்டு அதே பெயரில் புதியதை வைத்தால், கன்டெய்னருக்குள் தெரிவது பழையதே. ‘புதுப்பிச்சாச்சே!’ என்று வெளியே பச்சை விளக்கு எரியும். உள்ளே காலாவதிக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். கோப்பாக மவுண்ட் செய்யாமல் ஃபோல்டராகச் செய்தால் இந்தச் சிக்கல் இல்லை.

சரியாகப் போட்டோமா? ஐந்து சோதனைகள்

* அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் போனிலிருந்து லாகின் செய்து பாருங்கள். நீங்கள் ‘வெளியாள்’ ஆகும்போதுதான் உண்மை தெரியும்.

* அதே டொமைனை 8080 போர்ட்டோடு சேர்த்து, ஹெச்டிடிபியில் திறந்து பாருங்கள். எதுவும் வரக் கூடாது.

* கீக்ளோக்கின் ‘ஓப்பன்ஐடி-கான்ஃபிகரேஷன்’ பக்கத்தைத் திறந்து, ‘இஷ்யூயர்’ உட்பட எல்லா முகவரியும் ஹெச்டிடிபிஎஸ்ஸில் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

* ஆப்களுக்கான ‘ரீடைரக்ட்’ முகவரிப் பட்டியலில் பழைய ஹெச்டிடிபி வரிகள் இருந்தால் நீக்குங்கள். சர்வரைப் பூட்டிவிட்டு, லாகின் முடிந்த பயனரைத் திறந்த தெருவில் இறக்கிவிடுவதில் பயனில்லை.

* ‘ரிக்வயர் எஸ்எஸ்எல்’ எப்போதாவது ‘நன்’ ஆக்கப்பட்டிருந்தால் திரும்ப மாற்றுங்கள். ஒவ்வொரு ரெல்முக்கும் இது தனித்தனி. ஒன்றில் மாற்றினால் மற்றவற்றில் மாறாது.

திங்கட்கிழமை காலை

இதையெல்லாம் படித்த பிறகு, ‘அன்னைக்கு ‘நன்’னு போட்டது இன்னும் அப்படியே இருக்கே’ என்று யாருக்காவது நினைவு வந்தால், பூட்டு மாட்டுவது மட்டும் போதாது. பூட்டில்லாத நாட்களில் அந்த வழியாக அட்மின் பாஸ்வேர்டு போயிருக்கிறது. ஆப்களின் கிளையன்ட் சீக்ரெட்டும் போயிருக்கலாம். யாராவது பார்த்தார்களா என்பதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் வழியே இல்லை. வழியில் நின்று ஒட்டுக்கேட்டவர் சர்வரின் பதிவேட்டில் தடம் விடுவதில்லை.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் ஹெச்டிடிபிஎஸ். அடுத்து அட்மின் பாஸ்வேர்டையும் கிளையன்ட் சீக்ரெட்டுகளையும் மாற்றுவது. பிறகு, உள்ளே இருக்கும் எல்லோரையும் ஒருமுறை லாக்-அவுட் செய்வது. கடைசியாக, அந்த நாட்களில் லாகின் செய்த பயனர்களிடமும் ‘பாஸ்வேர்டை மாத்திக்கோங்க’ என்று சொல்வது. கொஞ்சம் சங்கடமான மெயில்தான். ஆனால் அவர்கள் அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் போட்டிருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.